எந்த ஒன்று நாற்பது?

அன்றைக்கு மேனேஜர் முன்னால் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

செஞ்சியில் ஒரு மணி நேரத்தை ஜென்ம விரோதியாக நினைத்த ஒரே மனிதர் ரெண்டு வாட்ச் அண்ணன்தான். அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இடது கையில் இந்தியா, வலது கையில் அமெரிக்கா. பஸ் ஸ்டாண்டில் யாராவது மணி கேட்டால், "எந்த ஊர்து?" என்பார். கேட்டவர் மெதுவாக அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுவார். பக்கத்து ஊர் வல்லத்தில் தன் தங்கை கல்யாணத்தன்று விடிகாலையில் தவறான கையைப் பார்த்துவிட்டு, முகூர்த்தம் முடிந்துபோச்சு என்று அவர் அலறியதில் ஐயர் மந்திரத்தையே மறந்துவிட்டாராம்.

திண்டிவனம் சாலையில் உரக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். அமெரிக்காவில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு, நாளை இத்தனை மணிக்கு வாருங்கள் என்று நினைவூட்டும் செய்தி அனுப்புவது வேலை. அதற்கான மென்பொருளை எழுதியவர் அண்ணன். அமெரிக்காக்காரர்கள் வருடத்தில் இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள். அந்த வாரம் முழுக்க அண்ணன் எழவு வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருப்பார்.

"மார்ச்சில ஒரு மணி நேரத்த முழுங்கிடுவானுங்க. நவம்பர்ல ஒரே மணி நேரத்த ரெண்டு தபா குடுப்பானுங்க. ஒன்னு நாப்பதுக்கு இன்னா நடந்துச்சின்னு கேட்டா, எந்த ஒன்னு நாப்பதுன்னு கம்ப்யூட்டரு முழிக்கும்."

அவர் நைனா மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே நின்றபடி, கடிகார முள்ளைத் திருப்பினால் சூரியன் கேட்குமா என்று ஒருமுறை கேட்டாராம். அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, நம் நேரம் காலை பதினொன்றரைக்கு அங்கே பின்னிரவு மணி இரண்டாகி, மறுபடி ஒன்றாக வேண்டும். வீட்டில் என் பாப்பாவுக்குக் காய்ச்சல். பதினொன்றரைக்கு நான் கிளம்ப, அதே நாற்காலியில் அண்ணன் உட்காருவதாக ஏற்பாடு. "அது தானா மாறிக்கும்மா, நீ கைய வெக்காத," என்று காலையிலேயே சொல்லியிருந்தார். சரி என்றேன். ஆனால் மாறாவிட்டால்? பாப்பாவின் காய்ச்சலையே மூன்று முறை அளந்து பார்க்கிறவள் நான். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அட்டவணையில் ஒரு மணி நேரத்தைக் கையால் குறைத்தேன். பதினொன்றரைக்கு மென்பொருளும் தன் பங்குக்கு ஒன்றைக் குறைத்தது.

ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்களுக்கெல்லாம் எட்டு என்று செய்தி போனது. வீங்கிய கன்னத்தோடு ஒரு வயதான அம்மா, பூட்டிய கதவின் முன்னால் குளிரில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்.

மேனேஜர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரின் பதிவைத் திறந்தார். யாரோ கையால் திருத்தியிருக்கிறார்கள். அமெரிக்க நேரம் ஒன்று நாற்பது. அன்று ஒன்று நாற்பது இரண்டு முறை வந்தது. முதலாவதில் நாற்காலியில் நான். இரண்டாவதில் அண்ணன். எது என்று கம்ப்யூட்டர் எழுதி வைக்கவில்லை.

யார் என்று மேனேஜர் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ரெண்டாவது ஒன்னு நாப்பது சார். நான்தான்."

"நீ எழுதன ப்ரோக்ராம்ல நீயே கைய வெச்சியா?"

"பயம் சார். மாறலன்னா இன்னா பண்றதுன்னு."

என் மனதில் ஓடியதை அப்படியே சொன்னார்.

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது வலது கை வாட்சைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். "பாப்பாக்கு ஒடம்பு தேவலயாம்மா?" என்றார். தலையாட்டினேன். "வருஷத்துல ரெண்டு நாளு இத திருப்பி வெய்யி. ஆனா அந்தந்த நாளு ஒரு தபாதான்."

இதுவரை நான்கு நாள் திருப்பியிருக்கிறேன், ஒவ்வொரு நாளும் ஒரே முறை. அண்ணன் வல்லத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார் என்றார்கள். ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கடை வாசலில் நின்று வெறும் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கவில்லை.

மேனேஜரிடம் முதலில் சொல்வதா, அண்ணன் முன்னால் போய் நிற்பதா? சொன்னால் என் வேலை போகும். இத்தனை நாள் கழித்துச் சொல்லி அவருக்கு என்ன கிடைக்கும் என்றும் தெரியவில்லை. படிக்கிறவர்கள் யாராவது ஒரு வழி சொல்லுங்கள். அதுவரை அந்த வாட்ச் நிற்காது. போன வாரம்தான் புது பேட்டரி போட்டேன்.