இரண்டரைக் கிலோ பேட்டரியும் எங்கள் கிறிஸ்துமஸ் தாத்தாவும்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் வாரக்கணக்கில் ஆராய்ச்சி செய்பவர்களை நம்பாதீர்கள். அவர்கள் தேடுவது ஆலோசனை இல்லை; ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட மடத்தனத்துக்குச் சாட்சி. அடித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் ஒரு பேட்டரிக்காக அப்படி ஆராய்ச்சி செய்தவள்தான். (நான் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவள் என்பதைக் கடைசிவரை மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். முடியாது போலிருக்கிறது.)

கல்யாணமான இரண்டாவது வருஷம் நான் ஒரு கார் வாங்கினேன். இரண்டே இருக்கை, கழற்றி வைக்கக்கூடிய கூரை, ஃபைபர் உடம்பு, செக்கச் சிவப்பு. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் ஆசையாக வைத்திருந்து, முதுகுவலி வந்ததும் விற்றுவிட்ட குட்டி ஸ்போர்ட்ஸ் கார். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அது வந்து நின்றபோது மாமியார் கண்ணை மூடி ஜெபம் செய்தார். மாமனார் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “மூணாவது ஆளு எங்க இருப்பாரு?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார்.

மாமா கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோபக்காரர் இல்லை, பேசாதவர். என் கணவர் பிரின்ஸ் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். வீட்டில் மாமா, மாமி, நான் என்று மூன்றே பேர். ஆனாலும் அதுவரை மாமா என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்குள் அடக்கிவிடலாம். அந்த மௌனத்தை எந்தப் பக்கமாகத் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பானெட்டைத் திறக்கத் தெரிந்தது. அதனால் பொழுதெல்லாம் காரோடு போனது.

இன்டர்நெட்டில் கார் பிரியர்களின் மன்றம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஜனவரியில் கொச்சியில் ஒரு மைதானத்தில், வரிசையாக வைத்த கூம்புகளுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டும் போட்டி. பெயர் கொடுத்துவிட்டேன். “எடைதான் எதிரி” என்றார்கள் மன்றத்து அண்ணன்மார். அன்றிலிருந்து காரில் எதைப் பார்த்தாலும் எதிரியாகவே தெரிந்தது. ஸ்டெப்னி இறங்கியது. ஜாக்கி இறங்கியது. கால்மிதியும், அடுத்த வண்டியிலிருந்து கரண்ட் எடுக்க உதவும் ஜம்பர் கேபிளும்கூட இறங்கின. கடைசியாகக் கண்ணில் பட்டது பேட்டரி. ஈயமும் ஆசிடும் நிறைந்த பழைய வகை; பதினான்கு கிலோ. அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதே வேலையை ஒரு லித்தியம் பேட்டரி இரண்டரைக் கிலோவில் செய்யும் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெங்களூரில் பந்தய வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு வைத்திருந்தார்கள். காருக்குப் பெரியது என்று அவர்களே எழுதியும் இருந்தார்கள். ஸ்கைப்பில் பிரின்ஸிடம் காட்டினேன்.

“பெரிச வாங்கட்டி,” என்றார்.

“அது ஒண்ணரக் கிலோ கூடுதலாக்கும்.”

“ஒரு மாசம் நீ புரோட்டா தின்னாம இரு. அந்த ஒண்ணரக் கிலோ தானா கொறையும்.”

அத்துடன் இணைப்பு துண்டிக்கப்பட்டது. (நெட்வொர்க் கோளாறு என்று மறுநாள் சொல்லிக்கொண்டேன்.)

சின்னதையே வாங்கினேன். ‘முப்பத்தாறு ஆம்பியர்-மணி பேட்டரிக்குச் சமம்’ என்று அதன் நெற்றியில் பெரிய எழுத்து. உள்ளே நிஜமாகச் சேரும் சார்ஜ் அதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பது கீழே எறும்பு எழுத்தில். அதாவது, இன்ஜினைக் கிளப்பும் அந்த ஒரு உதைக்கு மட்டும் சமம். இன்ஜினை அணைத்துவிட்டு விளக்கும் பாட்டும் போட்டுக்கொண்டிருந்தால் தாங்காது. எறும்பு எழுத்தையும் நான் படிக்காமல் இல்லை. படித்துவிட்டு, ‘நாம் என்ன கச்சேரியா வைக்கப் போகிறோம்?’ என்று நினைத்துக்கொண்டேன்.

பார்சல் வந்ததும் மாமி தூக்கிப் பார்த்துப் பதறிவிட்டார். “பிள்ளே, உள்ள ஒண்ணும் இல்ல கேட்டியா! உன்ன நல்லா ஏமாத்திட்டானுவ.” மாமா கையில் வாங்கி, “ம்,” என்று திருப்பித் தந்தார். பழைய பேட்டரி இருந்த இடத்தில் புதியது, கல்யாண வீட்டில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி நின்றது. வீட்டில் கிடந்த ரப்பர் ஷீட்டை வெட்டிச் சுற்றிலும் அடைத்தேன். சாவியைத் திருப்பியதும் கார் ஒரே உறுமலில் கிளம்பியது. பேட்டரியில் குறைந்ததைவிட அதிகக் கனம் அன்று என் தலையில் ஏறியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவட்டாரச் சபைகள் எல்லாம் சேர்ந்து தக்கலையில் பேரணி. எங்கள் சபையில் தாத்தா வேஷம் மாமாவுக்கு. (பேச வேண்டாம், கையசைத்தால் போதும் என்பதால் ஒத்துக்கொண்டிருந்தார்.) மதியம் கமிட்டிச் செயலாளர் எட்வின் அண்ணன் வியர்க்க விறுவிறுக்க வந்தார். தாத்தாவை ஏற்றிப் போகும் ஜீப்பின் கிளட்ச் போய்விட்டது.

“வேற வண்டி ஒண்ணும் கிட்டல்ல சார். எனக்கு வெப்ராளமா வருது, கையும் காலும் ஓடல்ல. தாத்தா இல்லாம போனா பிள்ளையளுட்ட என்ன சொல்ல?”

மாமா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “நம்ம வண்டி நிக்குல்லா,” என்றார்.

நம்ம வண்டி! அந்த மயக்கத்தில் எட்வின் அண்ணன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். சீரியல் லைட் சுற்றலாமா? சுற்றுங்கள். பின்னால் பெரிய நட்சத்திரம்? வையுங்கள். பாடகர் குழுவின் ஆம்ப்ளிஃபயருக்கும் இந்தப் பேட்டரியிலிருந்தே கரண்ட்? தாராளமாக. கேட்டிருந்தால் ஐஸ்கிரீம் பெட்டிக்கும் கொடுத்திருப்பேன்.

கூரையைக் கழற்றி, இருக்கையின் சாய்மானத்துக்கு மேல் மாமாவை உட்கார்த்தி, சாயங்காலம் கிளம்பினோம். மாமா ஒல்லி என்பதால் அங்கிக்குள் மாமியின் தலையணை. ஊர்வலம் நடை வேகத்தில் போனது. தக்கலைச் சந்திப்புக்கு வந்ததும் முன்னால் ஏதோ நெரிசல்; எல்லாரும் நின்றோம். இன்ஜின் சூடு முள் மெல்ல ஏறியது. பின்னால் நடந்துவந்த பிள்ளைகள் புகையில் இருமினார்கள். நான் மிகுந்த கருணையோடு இன்ஜினை அணைத்தேன். பாட்டும் விளக்கும் அரை மணி நேரம் ஜோராக நடந்தன.

பழைய பேட்டரி சொல்லிக்கொண்டு சாகும். விளக்கு மங்கும், ஹாரன் கம்மும், முனகும். சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்ப அவகாசம் தரும். லித்தியம் அப்படி இல்லை. அதற்குள் ஒரு காவல் சர்க்யூட் உண்டு. சார்ஜ் தீரப் போகிறது என்று கண்டால் பேட்டரியைக் காப்பாற்றச் சட்டென்று கதவைச் சாத்திவிடும். பல்லவியின் நடுவில் பாட்டு அறுந்தது. நட்சத்திரம் அணைந்தது. சரியாக அப்போது முன்னால் வழி திறந்தது. சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்றுகூடச் சொல்லவில்லை.

பின்னால் நாகர்கோவில் பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. “ஜம்பர் கேபிள் இருக்காம்மா?” என்று போலீஸ்காரர் கேட்டார். இருந்தது, வீட்டில். சபைப் பையன்கள், “தள்ளி ஸ்டார்ட் பண்ணுவோம்க்கா,” என்று வந்தார்கள். நான் இறங்கி நின்று, அது ஏன் நடக்காது என்று விளக்க ஆரம்பித்தேன். இக்னிஷனுக்கே கரண்ட் வேண்டும், ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தானாக விழித்துக்கொள்ளாது... விரலால் காற்றில் சர்க்யூட் வேறு வரைந்தேன். பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர், “டீச்சரே, கிளாஸ் முடிஞ்சா வண்டிய மாத்துங்க!” என்று கத்தினார்.

கண்ணில் நீர் முட்டியது. மாமா இருந்த பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. ஊர் முன்னால் இப்படி நிறுத்திவிட்டேனே, இனி அது எங்கே நம்ம வண்டி?

மாமா இறங்கினார். சிவப்பு அங்கியைத் தூக்கி, வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் இடுப்பில் கட்டினார்.

“பிள்ளே, நீ ஏறி ஸ்டியரிங்கப் பிடி. நியூட்ரல்ல போடு.”

“மாமா, நீங்க தள்ளப்படாது...”

“வேகம் ஏறு.”

தள்ளினார். கார் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. அவ்வளவு சத்தமாக அதை நான் கேட்டதே இல்லை.

“கொள்ளாம் பிள்ளே! எடைய நல்லா கொறச்சிருக்க. தள்ளதுக்கு சொகமா இருக்கு!”

முதலில் போலீஸ்காரர் சிரித்தார். பிறகு சந்திப்பே சிரித்தது. மைக் இல்லாத பாடகர் குழு தொண்டையைத் திறந்து பாட ஆரம்பித்தது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு சின்னப் பெண் ரோட்டிலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு அலறினாள்:

“தாத்தா! ஒங்க வயிறு விழுந்துட்டு!”

மாமா திரும்பிப் பார்த்து, “நீயே வச்சுக்க மக்கா, எடை கொறையட்டு,” என்று சொல்லிவிட்டு மறுபடி தள்ளினார்.

பேரணி முடியும் மைதானம்வரை தள்ளினார். வீட்டுக்கு வந்து தாடியைக் கழற்றியவர், நடந்ததையெல்லாம் மாமியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். நடுநடுவே என் பக்கம் திரும்பி, “அந்த பஸ்காரன் என்ன சொன்னான்? நீ சொல்லு,” என்றார். நான் சொன்னேன். மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேச்சு சுவாரசியத்தில் அந்த வீட்டில் முதல்முறையாகச் சாப்பாடு ஆறிப்போனது.

பெரிய பேட்டரியை மாமாவும் நானும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கருவூல பில்லைப் பார்ப்பதுபோல் வரிவரியாகப் பார்த்தார். கொச்சிக்கும் கூடவே வந்தார். நான் கூம்புகளைச் சாய்த்துக் கடைசிக்கு முந்தைய இடம் பிடித்தேன். “கடைசி இல்லல்லா,” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த டிசம்பரில் ஜீப் தயாராக இருந்தது. ஆம்ப்ளிஃபயருக்குத் தனி ஜெனரேட்டரும் ஏற்பாடு செய்திருந்தார்கள். பிள்ளைகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தாத்தா என்றால் சிவப்புக் காரைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டுமாம். அன்று தொடங்கியது, இன்றுவரை எங்கள் சபையில் அதுதான் வழக்கம். நன்றாக ஓடும் வண்டியை அணைத்துவிட்டு மாமா தள்ளுகிறார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊருக்கெல்லாம் கையசைக்கிறேன்.

போன வருஷம் என் மகன் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா படம் வரைந்தான். தாத்தா ஏன் காருக்குப் பின்னால் நிற்கிறார் என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

“உள்ள அம்மால்லா இருக்கா,” என்றானாம். “பின்ன யாரு மிஸ் தள்ளுவா?”