தொம்மையை நான் பெயிலாக்கிய கதை

என் சத்தத்தை நானே புகழக் கூடாது. ஆனாலும் பெரியதாழைக் கரையில் நான் மீன் விலை கூறினால், கோயில் மணி அடிக்கிறவர் கொஞ்சம் பொறுத்துத்தான் அடிப்பார். (அவரே சொன்னது.) அந்தச் சத்தம்தான் என்னை ரேடியோவில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

எங்கள் பக்கத்து ரேடியோவில் ஞாயிறுதோறும் ஒண்ணாப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சிரிப்பு நாடகம். என் மகன் கைப்பிள்ளையாக இருந்தபோது தொடங்கியது. அவனுக்கு வழுக்கை விழுந்தும் ஓடுகிறது. அதில் தொம்மை என்ற பையனுக்கு எப்போதும் ஆறு வயது. தொம்மையாகப் பேசுகிற அண்ணாச்சிக்குப் பேரன் பேத்தி உண்டு. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மழலை பேசுவார். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையும் ரெண்டாப்புக்குப் போனதில்லை. எந்தக் கல்வி அதிகாரியும் ஏனென்று கேட்கவுமில்லை. (நிஜப் பள்ளிக்கூடம் என்று நினைத்திருப்பார்கள்.)

அண்ணாச்சிக்கு உடம்பு முடியவில்லை. தொம்மையைப் பாஸ் போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாகி, ரேடியோவிலும் சொல்லிவிட்டார்கள். பாஸ் போட, அதட்டுகிற குரலில் ஒரு இன்ஸ்பெக்டரம்மா வேண்டும். கரையில் என் சத்தத்தைக் கேட்ட ரேடியோத் தம்பி என்னிடம் வந்தார். நான் மூணாப்போடு நின்றவள். இன்ஸ்பெக்டர் வேலை வந்தால் வேண்டாம் என்பேனா?

நாசரேத்தில் இருக்கிற என் சம்பந்தியம்மா ரிட்டயரான டீச்சர். என்னிடம் மட்டும் எதையும் இரண்டு முறை சொல்லுவாள், எனக்கு விளங்க வேண்டுமாம். முதல் போன் அவளுக்குத்தான்.

“மைனி, நான் இன்ஸ்பெக்டர் ஆயிட்டேன்.”

“எதுக்கு? எதுக்கு?” என்றாள்.

மருமகள் வசனத்தைப் படித்துக் காட்ட, நான் மனப்பாடம் செய்தேன். ஸ்டுடியோ வாசலில் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். “தாயி, எதை விட்டாலும் ‘தொம்மை பாஸ்’ங்கிற கடைசி வசனத்தை விட்டுராதீக. முழங்கால் வலியோட மழலை பேச முடியல.”

நேரடி ஒலிபரப்பு. வசனம் மறக்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் எனக்குக் கரைதான் தெரியும்.

வாத்தியார் பாட்டுப் பரீட்சை வைத்தார். “ஏலே தொம்மை, பாடு!”

தொம்மை வழக்கம்போல “ங்ஙே...” என்று இழுத்தான். (அந்த இழுப்புக்குத்தான் இத்தனை வருஷமும் ஊரே சிரித்தது.)

“என்னலே, பாடு?” என்று வாத்தியார் அதட்டினார்.

படகு கரையேறியதும் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி அது. பாடு என்றால் அன்றைக்கு விழுந்த மீன். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் நிற்பது மரியாதையா?

“என்னத்தப் பாடு? வலை பூராவும் சொறிதான்!” என்றேன். (கடலில் மிதக்கிற வழுவழுப்பு. தொட்டால் அரிக்கும், தின்ன முடியாது.)

வாத்தியார் திகைத்தார். “இன்ஸ்பெக்டரம்மா, நான் பையனைக் கேட்டேன்.”

“அவன் என்னத்தச் சொல்லுவான், பச்சப்புள்ள? டீசல் காசுக்கே காணல. தரகன் வேற, கெடச்ச நாலு கிழங்கான் மீனுக்கும் மலிவுச் சாளை விலை கேக்கான்!”

அண்ணாச்சி மேசைக்கடியில் என் சேலையைப் பிடித்து இழுத்தார். “பாஸ், பாஸ்” என்று எடுத்துக்கொடுத்தார். பல்செட் இல்லாத வாயில் அது “பாழ், பாழ்” என்று வந்தது.

“ஆமா அண்ணாச்சி, எல்லாம் பாழாத்தான் போச்சு!” என்றேன். பள்ளிக்கூட மணி அடித்தது. நாடகம் முடிந்தது.

அடுத்த வாரம் பாஸ் போட்டுவிடலாம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் தொம்மை பாஸாகாமல் தப்பித்துவிட்டான் என்று ஊரெல்லாம் போன் போட்டுக் கொண்டாட, ரேடியோக்காரர்கள் மனம் மாறிவிட்டார்கள். அண்ணாச்சி இன்றைக்கும் ஒண்ணாப்புதான். அவரால் மாடி ஏற முடியாததால் மைக்கைக் கீழே இறக்கிவிட்டார்கள். என்னைக் கண்டால் மட்டும் பல்செட்டை மாட்டிக்கொண்டு ஏசுவார்.

ஞாயிற்றுக்கிழமை நாடகம் முடிந்ததும் நாசரேத்திலிருந்து போன் வந்துவிடும்.

“என்ன மைனி, பாடு? என்ன பாடு?”

“சொறிதான் மைனி, சொறிதான்” என்று நானும் இரண்டு முறை சொல்லுவேன். அவளுக்கு விளங்க வேண்டுமே.