வயித்தெரிச்சல் அண்ணன் மோர் கேட்காத வீடு

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நேர்மையாகப் பொறாமைப்பட்ட மனிதர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அடுத்தவன் வீடு கட்டினால் "ரொம்ப சந்தோசமுங்க" என்று பல்லைக் காட்டி, ஜாங்கிரி தின்று, வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் "சுவத்துல ஈரம் ஏறுது, பாத்தீங்களா?" என்று ஆரம்பிப்போம். வயித்தெரிச்சல் அண்ணனுக்கு அந்தப் பாசாங்கெல்லாம் வராது. நடு ஹாலில் நின்று, வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்: "எனக்கு வயிறு எரியுதுங்க. கொஞ்சம் மோர் குடுங்க."

சிங்காநல்லூரில் எங்கள் பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பு. ரிட்டயராகி ஒரு வருஷம் ஆகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கொங்கு நாட்டு மரியாதையைக் கேட்கவே வேண்டாம், பட்டப்பெயருக்கும் 'ங்க' போடுவோம். "வயித்தெரிச்சல் அண்ணன் வந்துட்டாருங்களா?" என்று முதலாளியே போனில் கேட்பார்.

அவர் எரிவதற்கும் ஒரு முறை உண்டு. கிரானைட், மாடுலர் கிச்சன் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரே கேள்விதான். "இங்கிருந்து கம்பெனிக்கு எத்தனை நிமிசமுங்க?" அரை மணி என்றால் ஒரு வாய் மோர். கால் மணி என்றால் ஒரு டம்ளர். பர்ச்சேஸ் மேனேஜர் கம்பெனிக்குப் பின்தெருவிலேயே மாடி வீடு கட்டிப் பால் காய்ச்சினார். அன்று அண்ணன் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, "சொம்பையே குடுத்துருங்க அம்மணி" என்றார். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். ஒரு மாசம் அதையே ஆபீஸில் சொல்லித் திரிந்தார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுவார்கள், அண்ணனிடம் வீட்டைக் காட்டுவார்கள். "ஒன்னரை டம்ளர் ஊடுங்க, விட்டுப்போடாதீங்க" என்று புரோக்கர்களே பேச ஆரம்பித்தார்கள். மோர் கேட்காமல் "நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டால் போச்சு, அந்த வீட்டை எங்கள் கம்பெனியில் ஒரு ஆள் சீந்த மாட்டான்.

ஒரே ஒரு தடவை வம்பு வந்தது. பெயிண்டிங் ஃபோர்மேன் வீட்டில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே அங்கே தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. "எல்லாம் உங்க கண்ணுதானுங்ணா!" என்று ஃபோர்மேன் கேலி செய்ய, ஸ்டோர்ஸே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். பார்த்தேன், மறந்தும் போனேன்.

நாங்கள் இருவரும் ஒரே பஸ். சூலூருக்கு அந்தப்பக்கம் அவருக்குச் சொந்த வீடு, எனக்கு வாடகை வீடு. முந்தின ஸ்டாப்பில் ஏறி, பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன், "ஏனுங்ணா உங்களுக்கு இப்படி எரியுது?"

"வேலைக்குச் சேந்தப்பவே கம்பெனிக்குப் பக்கத்துல எடம் வாங்கோணும்னு காசு சேத்துனேனுங்க கண்ணு. சேத்தி முடிச்சப்ப அது ஒண்டிப்புதூருக்குத்தான் பத்துச்சு. சரி, அங்கயே வாங்கலாம்னு சம்சாரத்தைக் கேட்டுப்போட்டு வாரதுக்குள்ள, சூலூருக்குத்தான் பத்துது. அவசர அவசரமா வாங்கிப்போட்டேன். இன்னும் ரெண்டு மாசம் யோசனை பண்ணியிருந்தா பல்லடம் தாண்டித்தானுங்க ஊடு கட்டியிருப்பேன்!"

என் கதையும் அதேதான். திங்கள் முதல் சனி வரை என் மகளைத் தூங்கும் கோலத்தில்தான் பார்த்தேன். ஒருநாள் அவள் எங்கள் குடும்பத்தைப் படம் வரைந்தாள். அம்மா, அவள், பக்கத்து வீட்டுப் பூனை. "அப்பா எங்க கண்ணு?" என்றேன். "அப்பா பஸ்ஸுல" என்றாள். அண்ணனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கம்பெனிக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒவ்வொருத்தன் மேலும் எனக்கு அவ்வளவு பொறாமை. மத்தியானச் சங்கு ஊதினதும் மேனேஜர் வீட்டுக்கு நடந்து போய்ச் சுடுசோறு சாப்பிட்டு, பல் குத்திக்கொண்டே திரும்பி வருவார். அந்தக் குச்சியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் ஒரு வீடு தட்டுப்பட்டது. பழைய அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால்தான் எங்கள் கைக்கு எட்டுகிற விலை. கம்பெனிக்கு நடந்தால் எட்டு நிமிஷம். விற்றவர் ரிட்டயரான டீச்சரம்மா. மகளோடு திருச்சிக்குப் போகிறார். "ஞாயித்துக்கெழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்துருவேன் தம்பி. அன்னைக்கே ஒரு முடிவு சொல்லிப்போடுங்க. வேற பார்ட்டி காத்துட்டு இருக்குது" என்றார்.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பர்மிஷன் போட்டு அண்ணனைக் கூட்டிப் போனேன். என் மனைவி நிர்மலா தூக்குப்போசி நிறைய மோரோடு வந்திருந்தாள். அண்ணன் நேரே சமையலறை ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கம்பெனித் தண்ணீர் டேங்க் தெரிந்தது. சரியாக அந்நேரம் பார்த்துச் சங்கும் ஊதியது. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். நிர்மலா போசி மூடியைத் திறந்தாள்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் அண்ணன்.

"அண்ணா... மோருங்க?"

"வேண்டாமுங்க அம்மணி. நீங்க பேசிப்போட்டு வாங்க, நான் கீழ நிக்கறேன்."

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "அவருக்கே எரியலைன்னா அது என்ன ஊடுங்க? ஏதோ வில்லங்கம் இருக்குது" என்றாள் நிர்மலா. வீட்டுக்கு வந்து அத்தனை மோரையும் நாங்களே குடித்தோம். எனக்கு அடங்கவில்லை. ஊரான் வீட்டுக்கெல்லாம் எரிகிற வயிறு, என் வீட்டுக்கு மட்டும் குளிருமா? மேனேஜருக்கு மூணு டம்ளரும் சொம்பும். தினம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற எனக்கு ஒரு சொட்டு கிடையாதா?

ஞாயிற்றுக்கிழமை, வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் போனேன். அபார்ட்மென்ட் வாசலில் ஒரு கம்மங்கூழ் வண்டி. வண்டிக்கார அம்மா என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நேத்து உங்ககூட வந்தாரே ஒரு அண்ணன், அவருக்கு ஒடம்பு தேவலீங்களா?"

"ஏனுங்க, என்ன ஆச்சு?"

"ஏழு டம்ளர் மோருங்க! போதுமுங்ணான்னு சொன்னாலும் கேக்கல. 'இங்கயே எரிஞ்சு முடிச்சுக்கறேன் அம்மணி. மேல நின்னு எரிஞ்சு என்ற கண்ணு பட்டுருச்சுன்னா, அந்தப் புள்ள படத்துல அப்பன் வரவே மாட்டான்'னாரு. என்ன படமோ, எனக்கு ஒண்ணும் புரியலீங்க."

எனக்குப் புரிந்தது. மூன்று மாடியையும் ஓடியே ஏறினேன். டீச்சரம்மா அப்போதுதான் பூசை முடிந்து வந்து, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் நின்றார். "வாங்கிக்கறேனுங்க டீச்சர்" என்று சொல்வதற்குள் மூச்சு முட்டிப் போயிற்று.

பால் காய்ச்சின அன்று அண்ணன் வாசற்படி தாண்டவில்லை. தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்ணா. கூழ் வண்டியம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. நல்லா நிமிந்து பாருங்க. நீங்க எரியாட்டி எங்களுக்கு இது ஊடே இல்லீங்க."

மெதுவாக நிமிர்ந்தார். ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். "எட்டு நிமிசமுங்களா கண்ணு?"

"வேகமா நடந்தா ஏழுதானுங்ணா."

"அய்யோ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிர்மலா சொம்போடு கொடுத்தாள். மடமடவென்று குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "உப்பு பத்தலீங்க அம்மணி" என்றார்.

இப்போது மத்தியானம் நானும் நடந்து போய்ச் சுடுசோறு சாப்பிடுகிறேன். பல் குத்திக்கொண்டேதான் திரும்பி வருகிறேன். மகள் படத்தில் பூனைக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

போன வாரம் அந்த பஸ் கண்டக்டரைக் கடைவீதியில் பார்த்தேன். "உங்க அண்ணன் ரிட்டயர் ஆகற வரைக்கும் பக்கத்து சீட்டுல துண்டு போட்டுட்டுத்தானுங்க வந்தாரு. யாராச்சும் கேட்டா, ஆள் வருதும்பாரு. உங்க ஸ்டாப்பு தாண்டுனதுக்கு அப்புறந்தான் எடுப்பாரு" என்றார்.

அதற்கப்புறம் அந்த சீட்டில் உட்கார்ந்தவர் யார் யாரோ, அவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.