முஸ்கான் பார்க்கும் டூப்பு வேலை

கூனிமேடு

அன்பு மச்சான் முஜீப் ரஹ்மானுக்கு, பஷீர் அஹமதுவின் அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான், உன் அக்கா சுரையா, உப்பு மண்டி, மூவரும் சுகம். துபாயில் நீயும் உன் ஏசியும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம்.

போன வாரம் அழுதுகொண்டே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேனே, ஜெர்மனியிலிருந்து என் பொண்ணு முஸ்கான் உடனே ஊர் திரும்பணும், டிக்கெட் போடு என்று, அந்த டிக்கெட்டை கேன்சல் செய்துவிடு. அல்ஹம்துலில்லாஹ், அவள் தப்பு எதுவும் செய்யவில்லை.

நடந்தது இதுதான். ஆராய்ச்சி எப்படிப் போகுது என்று போனில் கேட்டேன். "எங்ககிட்ட இருக்கறது எல்லாமே டூப்பு அத்தா, ஒரிஜினல் மாதிரியே இருக்குது" என்று சந்தோஷமாகச் சொன்னாள். லைன் கட்டாகிவிட்டது. மச்சான், எங்கள் வியாபாரத்தில் டூப்பு என்றால், அடுத்தவன் பிராண்டு போட்ட பாக்கெட்டில் நம்ம உப்பை அடைக்கிறது. மரக்காணத்தில் ஒருத்தர் அதுக்காக ஆறு மாசம் உள்ளே இருந்தார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. படிக்க அனுப்பின பொண்ணு ஜெர்மன் ஜெயில்ல கம்பி எண்ணுறாப்பல கண்ணு முன்னாடி வந்து நிக்குது, சுரையா ஒரு பக்கம் அழுவுறா, நம்ம மண்டி வாடிக்கை வேல்முருகன் வந்து பத்து மூட்டை உப்பு கேக்கறார், நான் பத்து தடவை தலையை ஆட்டினேனே தவிர ஒரு மூட்டையும் போடலை.

மூணு நாள் கழித்துத்தான் லைன் கிடைத்து விளக்கினாள். சினிமாவில் ஹீரோவுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறானே, அந்த டூப்பாம். சில பொருள்களில் கரண்ட் துளிகூட வீணாகாமல் ஓடுமாம், ஏன் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாதாம். உள்ளே ஓடுகிற எலக்ட்ரான் ரொம்பச் சின்னது, ரொம்ப வேகம், கண்ணுக்குச் சிக்காது. அதனால் லித்தியம் அணுக்களைப் பயங்கரக் குளிரில் வைத்து மெதுவாக்கி, லேசரால் நம்ம உப்பளம் மாதிரி பாத்தி கட்டி, அதில் எலக்ட்ரானாக நடிக்கவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டோ எடுக்கிறார்களாம். அப்போ நம்ம ஊர்ல கரண்ட் கட் நின்னுடுமா என்றேன். "மொதல்ல எங்களுக்குப் புரியட்டும் அத்தா" என்றாள். எனக்கு அதுவே போதும், என் மகள் யாரையும் ஏமாத்தலை. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகவே அவள் அங்கேயே இருந்து வேலையை முடிக்கட்டும், நாம் நடுவில் புகுந்து கெடுக்க வேண்டாம். உன் வீட்டாருக்கு எங்கள் சலாம். அல்லாஹ் உன் ரிஸ்கில், உன் சம்பாத்தியத்தில், பரக்கத் தருவானாக.

இப்படிக்கு,
பஷீர் அஹமது

பின்குறிப்பு: டிக்கெட்டை கேன்சல் செய்யாதே. பொண்ணு வர்றான்னு சுரையா ரூமுக்கு வெள்ளையடிச்சு, புது மெத்தை வாங்கிப் போட்டு, ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்குக் கெளம்பணும்னு தினமும் கேக்கறா. வரலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ரெண்டு வருஷம் ஆச்சு, எனக்கும் பாக்கணும் போல இருக்குது. ஏன்னு முஸ்கான் கேட்டா, அத்தாவுக்கு உடம்பு முடியலைன்னு சொல்லிடு.