பல்சக்கர ரயிலும் இரண்டு கால்களும்

விதிமுறை தெரிந்தவன் எங்கும் மாட்டிக்கொள்ள மாட்டான் என்று ஐம்பத்தாறு வயது வரை நம்பியவன் நான். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் தமிழர்களுக்கு வதிவிட விண்ணப்பம் முதல் வாகனப் பதிவு வரை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். (கேட்காதவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன்.)

இலங்கையில் போர் முடிந்த கோடை அது. மனைவி தவத்தின் தம்பி ராசன் வவுனியா முகாமில் உயிரோடிருப்பதாகத் தகவல் வந்தது. ஒரு கால் போய்விட்டது என்றார் ஒருவர். வெறும் காயம் என்றார் இன்னொருவர். செவ்வாய் பகல், யாரோ ஒருவருடைய கைபேசியில் ஐந்து நிமிடம் பேசுவதாகச் சொல்லியனுப்பியிருந்தான். அதே செவ்வாய்க்கு, சுவிஸில் மலையேறும் பல்சக்கர ரயிலில் நான் எப்போதோ இடம் பதிந்திருந்தேன்.

"நான் வரேல்லை. வீட்டில இருந்து கதைக்கிறன்" என்றாள் தவம்.

"மலையில சிக்னல் இன்னும் நல்லா எடுக்கும்" என்றேன். கடவுச்சீட்டு, டிக்கெட், அவளுடைய கைபேசி எல்லாம் என் இடுப்புப் பைக்குள் போயின. அதுதான் ஒழுங்கு.

பாதி மலையில் ஒரு சிறு நிலையம். மேடையில் ஒரு மஞ்சள் பெட்டி. டென்மார்க்கில் பயண அட்டையைப் பெட்டியில் குத்தாமல் ஏறினால் தண்டம். எங்கள் டிக்கெட்டிலோ ஒரு குத்துக்கூட இல்லை.

"எல்லாரும் பேசாமல்தானே இருக்கினம். இருங்கோவன்" என்றாள் தவம்.

"அவைக்குத் தெரியாது" என்று இறங்கினேன்.

அது நாய்க்கழிவு அள்ளும் பைகள் தரும் பெட்டி. அதன் வாய்க்குள் டிக்கெட்டைத் திணித்துக்கொண்டிருந்தபோதே ரயில் புறப்பட்டது. இடுப்பில் கைபேசி அடித்தது.

பல்சக்கர ரயில் மெல்லத்தான் ஏறும். ஆனால் என்னைவிட வேகமாக ஏறும். ஓரப் பாதையில் ஓடிக்கொண்டே காதில் வைத்தேன்.

"அத்தான், ஏன் இளைக்குது? அங்கையும் ஷெல் அடிக்கிறாங்களோ?"

ஜன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டுத் தவம் கத்தினாள்: "ரெண்டு காலும் இருக்கோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன்.

"இருக்கு அத்தான். ஒண்டு கொஞ்சம் நொண்டும். அக்காவைக் குடுங்கோ."

அக்கா முப்பது மீட்டர் மேலே. அவளுக்கு முன்னால் சுரங்கம். என் குரல் எட்டவில்லை. வலக்காலைத் தூக்கிக் காட்டினேன், பிறகு இடக்காலை, பிறகு இரண்டையும் ஒன்றாக. (இரண்டையும் ஒன்றாகத் தூக்கியவன் எதன்மேல் இறங்குவான் என்பது உங்களுக்குத் தெரியும்.) பயணிகள் உள்ளூர் நடனமென்று நினைத்துப் படமெடுத்தார்கள். தவத்தைச் சுரங்கம் விழுங்கியது. ராசனின் ஐந்து நிமிடமும் முடிந்தது. திரும்ப அழைத்தேன், அந்தக் கைபேசியை அணைத்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த ரயில் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தது. உச்சியில், ஊரே பார்க்க வரும் பனிச்சிகரங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு மர வாங்கில் தவம் உட்கார்ந்திருந்தாள்.

"அவனுக்குக் கால்..."

"ரெண்டும் இருக்கு."

முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப அந்த ஆட்டம் என்னத்துக்கு?"

"அதுதான் பதில்."

ராசன் இப்போது வவுனியாவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஞாயிறுதோறும் அழைப்பு எடுப்பான். நலம் விசாரிக்கும் உரிமை எனக்கில்லை. முதல் கேள்வி எப்போதும் அவனுடையது.

"அத்தானுக்கு ரெண்டு காலும் இருக்கோ?"

கைபேசி தவத்திடம்தான் இருக்கும்.

"இருக்குதடா. ரயிலை விட்டு இறங்கத்தான் விடுறேல்லை."