லத்தீனில் தோற்ற மகனுக்கு வைத்த பூசை

இயேசு மரி சூசை துணை

மூங்கில்துறைப்பட்டு
செப்டம்பர் 1987

குருமடத்தில் படிக்கும் அன்பு மகன் அருளப்பனுக்கு அப்பா ராயப்பன் ஆசி கூறி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். எருமை மட்டும் உதைக்கிறது.

உன் கடிதத்தை முதலில் தனியாகப் படித்திருக்கணும். வருங்காலச் சாமியாரின் தகப்பன் என்ற மிதப்பில் டீக்கடையில் சத்தமாக வாசித்தேன். "லத்தீனில் பெயில், மறுபரீட்சையிலும் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வேண்டிக்கொள்ளுங்கள்" என்ற இடத்தில் இருமலை வரவழைத்துப் பார்த்தேன். கடைக்காரர் தண்ணி குடுத்து, "இப்ப மீதியப் படிங்க" என்கிறார்.

எட்டாவதோடு நின்றவன்தான், ஆனாலும் நீ எழுதினதைப் புரிந்துகொள்ளப் பார்த்தேன். லத்தீனில் 'தகுதியான' என்ற பெயரடை வந்தால் கூட வரும் பெயர்ச்சொல் ஒரு வேற்றுமையில் நிற்கணும், 'ஆசையுள்ள' வந்தால் வேறொன்றில். அதுதானே? நாமும் 'பூசைக்குத் தகுதியான', 'சோற்றின் மேல் ஆசையுள்ள' என்றுதானே சொல்றோம்! உன் அம்மாகிட்ட விளக்கினால், "ரெண்டாவது உங்களப் பாத்துச் செஞ்சது"ங்கறா.

சரி, உனக்குப் பூசை வைக்கலாமென்று சங்கராபுரம் பஸ் ஏறினால் ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப்போட்ட மரம். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். இறங்கி மரத்தைத் தாண்டுறேன், வேட்டி கிளையில மாட்டி டர்ருனு கிழிஞ்சிபோச்சி. கோடாலியும் கையுமா நின்ன பச்சமுத்துன்ற ஆளு, "இன்னா பெரியவரே, எங்க கெளம்பிட்டீங்க?"ன்னான். "பையன் லத்தீன் பாஸாவணும், இல்லன்னா குருமடத்துலருந்து வூட்டுக்கு அனுப்பிடுவாங்க, பூசை வெக்கப் போறேன்"னேன். லத்தீன்னா இன்னான்னான், தெரிஞ்சதச் சொன்னேன். "தகுதின்னு ஒரு சொல்லு வந்து பக்கத்துல இருக்கறவன ஆட்டிவெக்குதா? இங்கயும் அப்படித்தாங்க! காலேஜ் சீட்டு கேட்டு நாங்க ரோட்டுல கெடக்கறோம், கெடச்ச சீட்ட உங்க புள்ள வுட்டுட்டு வரப் பாக்கறானே!"ன்னு சிரிச்சிக்கினே அரைஞாண் கயித்துல இருந்த ஊக்கக் கழட்டிக் குடுத்தான்.

ஆகையால் தம்பி, வேட்டியில் ஊக்கு குத்திக்கொண்டு மீதி வழியெல்லாம் நடந்தே போய்ப் பூசை வைத்த அப்பன் சொல்கிறேன், மனம் தளராமல் படி. உன் குருப்பட்டத்துக்கு அம்மா இப்பவே கிடா வளர்க்குது. மாதா உன்னை மடியில் வைத்துக் காக்கட்டும்.

உன் பரீட்சைக்காக உன்னைவிட அதிகம் நடந்த அப்பா,
ராயப்பன்

பி.கு.: பூசையில் உபதேசியார், "அருளப்பன் லத்தீனில் பாஸாக மன்றாடுவோம்" என்று சத்தமாக வாசித்தார். கோயிலே சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நானும் வாயசைத்தேன். மனசுக்குள்ள மட்டும், "சேசுவே, இவுங்க கேக்கறத இந்த ஒரு தபா காதுல வாங்காத. எங்களுக்கு ஒரே புள்ள. வூட்டுக்கு அனுப்பிடு"ன்னேன்.