மெத்தை மேல் பழியில்லை

நெல்லிவாசல்நாடு

அன்புள்ள மாப்பிள்ளை தனசேகரனுக்கு அத்தை சகுந்தலா எழுதுவது. நீங்களும் நதியாவும் கண்ணமங்கலத்தில் நலமாக இருக்கப் படவேட்டு அம்மன் துணை. இங்கே நானும் ஆடுகளும் சுகம். உங்கள் மாமாவுக்குத்தான் சுகமில்லை. போன் செய்தால் எங்கள் நம்பரைப் பார்த்து நீங்கள் எடுப்பதில்லை; அதில் உங்கள் மேல் தப்பே இல்லை.

நீங்கள் ஆசையாக வாங்கி, ஜீப் மேலே கட்டி மலையேற்றிய மெத்தையால்தான் தன் இடுப்பு போச்சு என்று இந்த மனுஷன் ஊரெல்லாம் தமுக்கடித்தாரே! காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, சட்டையைப் பிழிகிற மாதிரி வேர்த்தது. அதுவும் மெத்தைச் சூடாம். மெத்தையைத் தூக்கி ஆட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டுத் தரையில் படுத்தார். வலி குறையவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அவ்வளவுதான், "பாத்தியாடி? எலும்பு நல்லாத்தான் கீது. எல்லாம் மாப்ள மெத்த!" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ளே தள்ளினார்கள். டமடமவென்று சத்தம். வெளியே வந்த மனுஷன், "இன்னா சொகமான பலகை!" என்கிறார். நிவேதா என்ற டாக்டரம்மா படத்தைக் காட்டி, இடுப்பில் இரண்டு எலும்பும் நடுவிலிருக்கும் டிஸ்க் என்கிற வட்டும் வீங்கியிருக்கிறது என்றார். மாமா உற்றுப் பார்த்துவிட்டு, "மெத்த எங்கம்மா தெரியுது?" என்று கேட்டாரே, என் மானமே போச்சு! அந்தப் பெண் சிரிக்காமல், "மெத்தைய வுடுங்க. வூட்ல ஆடு இருக்கா? பச்சைப்பால் குடிப்பீங்களா?" என்றது. நான் சும்மா இருப்பேனா? மடியிலிருந்து கறந்து காய்ச்சாமல் குடிக்கிறது, ஆடு ஈனும்போது வெறுங்கையால் குட்டியை இழுத்து எடுக்கிறது எல்லாத்தையும் போட்டு உடைத்தேன். ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். புரூசெல்லா என்று ஒரு கிருமியாம், ஆட்டிடமிருந்து வந்து முதுகெலும்பில் குடியேறியிருக்கிறது. மாசக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்துபோகுமாம். கேட்டதும் அங்கேயே அழுதுட்டேன் மாப்பிள்ளை. வேற ஏதோ பெரிய நோய், மனுஷன் கைவிட்டுப் போய்டுவாரோன்னு பயந்து கெடந்தேன்.

இப்போது பால் நன்றாகப் பொங்கின பிறகுதான் குடிக்கிறார். உங்கள் பேச்சு வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். நேற்று மெல்ல, "மாப்ள வருவாரான்னு நீ கேளேன்" என்றார். தானாகக் கேட்க வாய் வராது, அவ்வளவு ரோஷம். ஆடி வெள்ளிக்குப் படவேட்டில் எல்லோருமாகப் பொங்கல் வைக்க வேண்டும், அவசியம் வாங்க. மெத்தைக்குப் புது உறை தைத்துவிட்டேன். அதை வீட்டுக்குள் போட்டு முதலில் உங்களைத்தான் படுக்க வைக்கப் போகிறாராம்.

நதியாவுக்கு என் முத்தம். இருவரும் குறைவில்லாமல் வாழ எங்கள் ஆசி.

அத்தை
சகுந்தலா

பி.கு.: மெத்தையை எடுக்கக் கொட்டகைக்குப் போனால், கறுப்பாடு அதன் மேல் சொகுசாகப் படுத்து இரட்டைக்குட்டி ஈன்றிருக்கிறது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஈன்ற அழுக்கிலும் அந்தக் கிருமி இருக்குமாம், கையுறை போட்டு மெத்தையை எடுத்துக் கொளுத்தச் சொல்லிவிட்டார். கொளுத்தியாச்சு. உங்கள் மாமா சாம்பலுக்கு எதிரில் உட்கார்ந்து, "நல்ல மெத்தடி அது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.